முட்டுக்கட்டை

பழைய ராஜ்தூத் 350 ஒன்றை வாங்கிப் புதுப்பிக்கிற எல்லோரும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள். முன் சக்கரத்தில் இருக்கிற டிரம் பிரேக்கை அப்படியே விடுவதா, டிஸ்க் பிரேக்காக மாற்றுவதா? கேட்டால் ஒர்க் ஷாப் சமாச்சாரம் மாதிரிதான் இருக்கும். எனக்கென்னவோ இது மரபைப் பற்றிய கேள்வி என்று படுகிறது. முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன ஒன்றைக் காப்பாற்றுகிறோம் என்றால், அதில் எதைக் காப்பாற்றுகிறோம்?

வண்டியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யமஹா ஆர்டி350 வெளிநாடுகளில் 1973இல் வந்தது. யமஹாவின் டூ-ஸ்ட்ரோக் ரேஸ் வண்டிகளோடு ஒரே குடும்பம். இரட்டை சிலிண்டர், ஆறு கியர், 39 குதிரைத்திறன், முன்னால் டிஸ்க் பிரேக். பத்து வருஷம் கழித்து, 1983இல், எஸ்கார்ட்ஸ் நிறுவனம் அதை ராஜ்தூத் என்ற பெயரில் இங்கே கொண்டுவந்தது. மைலேஜுக்காகத் திறனை 30.5 ஆகவும், பிறகு இன்னொரு மாடலில் 27 ஆகவும் குறைத்தார்கள். டிஸ்க்கை எடுத்துவிட்டு டிரம் போட்டார்கள். குறைத்த பிறகும், புல்லட்டும் யெஸ்டியும் ஓடிக்கொண்டிருந்த அன்றைய சாலைகளில் அது வேறு ஜாதி மிருகம். ஆர்டி என்பதை 'ரேபிட் டெத்' என்று விரித்துச் சொல்லிச் சிரிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். சிரிப்புக்குள் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

வேகம் கடல் தாண்டி வந்தது. அதை நிறுத்துகிற கருவி வரவில்லை. சாஃப்ட்வேரில் ஒரு சிஸ்டத்தை வேறொரு இடத்துக்கு மாற்றும்போதும் இதுதான் நடக்கும். கண்ணுக்குத் தெரிகிற வசதியெல்லாம் முதலில் போய்ச் சேரும். தப்பு நடந்தால் தாங்குவதற்காக எழுதியதை "அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள்.

திருவண்ணாமலையில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணன் டிரம் பக்கம். "தம்பி, டிரம்முல ஓட்டத் தெரிஞ்சவன்தான் இந்த வண்டிய ஓட்டணும். டிஸ்க்க மாட்டுனா அது வேற வண்டி" என்பார். லேசில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை இது. அந்த டிரம்மில் எண்பதுகளின் இந்தியா இருக்கிறது: பற்றாக்குறை, விலைக் கணக்கு, கிடைத்ததை வைத்து ஓட்டிக் காட்டுகிற கைத்திறமை. குறையும் ஒரிஜினல்தானே? அதை மாற்றுவது ஒருவகையில் வரலாற்றைத் திருத்தி எழுதுவது.

ஆனால் இந்த வண்டிகளின் ரேஸ் பாரம்பரியம் என்று எதைச் சொல்கிறோம்? ஐரிஷ் கடலில் இருக்கிற ஐல் ஆஃப் மேன் தீவின் டிடி பந்தயத்தில் கலந்துகொள்ளப்போவதாக 1954இல் அறிவித்தார் சோய்ச்சிரோ ஹோண்டா. 1959இல் அவருடைய வண்டிகள் அங்கே இறங்கின. 1961இல் மைக் ஹேல்வுட் ஹோண்டாவில் 125, 250 சிசி இரண்டையும் ஜெயித்தார். அங்குள்ள மலைப்பாதை ஒரு சுற்று சுமார் 60 கிலோமீட்டர். நம் கிரிவலம் 14. இரண்டுமே வலமாகத்தான் சுற்றுகின்றன. இரண்டிலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறோம்.

அந்தத் தீவின் பாதையில் இதுவரை 250க்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள் செத்திருக்கிறார்கள். 1972இல் மழையில் கில்பெர்ட்டோ பார்லோட்டி இறந்தபோது, அவருடைய நண்பரும் உலக சாம்பியனுமான ஜியாகோமோ அகோஸ்டினி இனி இங்கே ஓட்டமாட்டேன் என்றார். மற்ற பெரிய ஓட்டுநர்களும் ஒதுங்கினார்கள். 1976க்குப் பிறகு அந்தப் பந்தயம் உலக சாம்பியன்ஷிப்பிலிருந்து நீக்கப்பட்டது. நம் ஊர்க் கதையும் இப்படி நகர்ந்ததுதான். சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்கள், பந்தயத்துக்கென்றே கட்டிய இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு 1990இல் போயின. ஆக, ஹேல்வுட் ஜெயித்தது எவ்வளவு பாரம்பரியமோ, அகோஸ்டினி மாட்டேன் என்றதும் அவ்வளவு பாரம்பரியம். 1969இல் ஹோண்டா சிபி750 முன் டிஸ்க்கோடு சாதாரண ஆட்களின் கைக்கு வந்ததும் அதே கணக்கில்தான் சேரும். போஸ்டரில் ஒட்டுவதற்கு மட்டும் முதலாவதை எடுத்துக்கொள்கிறோம்.

இன்னொரு விஷயம் சம்மதம். டிடி பந்தயத்தில் சாலையைச் சட்டப்படி மூடுகிறார்கள். ஓட்டுகிறவர் தெரிந்துதான் உயிரைப் பணயம் வைக்கிறார். கிரிவலப் பாதை அப்படியில்லை. பௌர்ணமி இரவில் வண்டிகளைக் கட்டுப்படுத்திவிடுவார்கள், சரி. ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில்? செருப்பில்லாமல் நடக்கிற பாட்டி, ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற சாமியார், டீக்கடைக்குப் பால் கொண்டுபோகிறவர், குறுக்கே ஓடுகிற நாய். இவர்கள் யாரும் என் வண்டியின் ஒரிஜினாலிட்டிக்குக் கையெழுத்துப் போடவில்லை. டிரம் சூடாகிப் பிடிப்பு குறைகிற அந்த ஒரு நொடிக்கான விலையில் பாதியை அவர்கள் தலையில் கட்ட எனக்கு என்ன உரிமை?

மரபுக்கும் பிரேக்குக்கும் சண்டை என்று நினைப்பவர்கள் தேரைப் பார்க்கலாம். திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் போட்டாயிற்று. திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்தது. அதனால் அது ஆழித்தேர் இல்லை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதற்கு முன்னாலும் தேர் பிரேக் இல்லாமல் ஓடவில்லை. முட்டுக்கட்டை இருந்தது. சக்கரத்தடியில் அந்த மரக்கட்டையைச் செருகித்தான் தேரை நிறுத்தினார்கள், திருப்பினார்கள். இன்று பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை என்றால் காரியத்தைக் கெடுப்பது. தேர் வீதியில் அது இல்லாமல் வடத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள். கூட்டத்துக்கு நடுவே ஓடவேண்டிய ஒன்று என்பதால் நிறுத்துகிற வேலையையும் சடங்கின் பகுதியாகவே வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் கட்டையோடு ஹைட்ராலிக்கும் வந்து சேர்ந்தபோது மரபுக்கு வலிக்கவில்லை.

ஆகவே என் பதில் இதுதான். வீட்டில் வைத்து அழகு பார்க்கப்போகிற வண்டி என்றால் டிரம் இருக்கட்டும். அங்கே அதுதான் உண்மை. சாலையில் இறங்குகிற வண்டி என்றால் டிஸ்க் போட வேண்டும். கழற்றிய டிரம்மை கிரீஸ் தடவித் துணியில் சுற்றி அலமாரியில் வைக்கலாம். மெக்கானிக் அண்ணன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப நீ புது வண்டியே வாங்கிக்க வேண்டியதுதானே" என்றார். புது வண்டியில் அந்த டூ-ஸ்ட்ரோக் சத்தம் வராதே அண்ணே என்றேன். அதற்கு மட்டும் சிரித்தார்.

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மகாரதம் மாட வீதியில் வரும்போது ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடிப்பார்கள். எல்லார் கண்ணும் மேலே சாமியின் மேல் இருக்கும். சக்கரத்தோரம் கட்டையோடு நடக்கிற சிலர் மட்டும் தலை நிமிராமல் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வருவார்கள். ஆர்டி ஓட்டுகிறவன் கற்றுக்கொள்ள வேண்டியது அவர்களிடம்.