பாரணை இல்லாத விரதம்

சென்னையிலிருந்து அரக்கோணத்துக்குப் போகும் ரயில் பாதையில், ஆவடியைத் தாண்டிச் சிறிது தூரத்தில் இருக்கிறது திருநின்றவூர். திருமகள் வந்து நின்ற இடம் என்று பெயருக்குக் காரணம் சொல்லுவார்கள். அந்த ஊரில் பூசலார் என்று ஒருவர் வாழ்ந்தார். சிவபெருமானுக்கு ஒரு கோயில் எடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கையில் பொருள் இல்லை. தேடியும் கிடைக்கவில்லை. ஆகவே மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். கல்லையும் மரத்தையும் நினைவினாலே சேர்த்தார்; தச்சர்களை நினைவினாலே அழைத்தார்; நல்ல நாள் பார்த்து அடித்தளம் இட்டார்; இரவிலும் உறங்காமல் விமானமும் மதிலும் கிணறும் குளமும் அமைத்தார். குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டார்.

அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் கல்லால் எழுப்பிய பெருங்கோயிலுக்கும் குடமுழுக்கு நடப்பதாக இருந்தது. இறைவன் அரசனுடைய கனவில் தோன்றி, அன்றைக்குத் திருநின்றவூரில் வேலை இருப்பதால் வேறு நாள் வைத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டான். அரசன் வந்து தேடினான். அப்படி ஒரு கோயிலை ஊரில் யாரும் கண்டதில்லை. பூசலார் நடுங்கிக்கொண்டே நடந்ததைச் சொன்னார். கல்லால் கட்டியவன், மனத்தால் கட்டியவரின் காலில் விழுந்தான்.

சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த இந்தக் கதையை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். திருநின்றவூரில் இருதயாலீசுவரர் கோயில் இன்றும் இருக்கிறது. இதய நோய் தீர வேண்டும் என்று அங்கே வந்து வேண்டிக்கொள்வோர் பலர். அந்த நம்பிக்கையைக் குறை சொல்வது என் எண்ணமன்று. ஆனால் ஒன்று தோன்றுகிறது. பூசலார் கோயில் கட்டியது மார்புக்குள் துடிக்கிற தசையில் அல்லவே, மனத்தில் அல்லவா? மனத்தில் எழுந்த கோயிலை உண்மை என்று ஒப்புக்கொள்கிற நாம், மனத்தில் எழுகிற நோயையும் உண்மை என்று ஒப்புக்கொள்கிறோமா?

இந்த ஊரிலிருந்து தினந்தோறும் மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போய்வரும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அம்மா விடியற்காலையில் எழுந்து கட்டிக் கொடுத்த டிபன் டப்பா சாயங்காலம் காலியாகத் திரும்பி வருகிறது. அம்மாவுக்கு மகிழ்ச்சி. அந்தச் சோறு நடைமேடை நாய்களுக்குப் போயிற்று என்பது அவளுக்குத் தெரியாது. இரவில் "பசியில்லை" என்கிறாள் பெண். வெள்ளிக்கிழமை விரதம் என்கிறாள். பிறகு செவ்வாய்க்கிழமையும் விரதம் என்கிறாள். "எங்கள் பெண்ணுக்கு இந்த வயதிலேயே எத்தனை பக்தி!" என்று பாட்டி பூரிக்கிறாள். ஆறு மாதத்தில் வளையல் முழங்கைவரை ஏறுகிறது. தலைமுடி உதிர்கிறது. மாதவிலக்கு நின்றுபோகிறது. அப்போதுதான் வீடு விழித்துக்கொள்கிறது.

விழித்துக்கொண்டும் என்ன? வயிற்றில் புண் என்று ஒரு வைத்தியம், பூச்சி என்று ஒரு மருந்து, கண்ணேறு என்று ஒரு கழிப்பு. மனத்தைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் தேடுகிறோம். இதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. மேல்நாட்டு நூல்களில் இந்த நோய்க்கு முதல் அடையாளம், பருத்துவிடுவோமோ என்ற அச்சம். தில்லி மருத்துவர்கள் 1995-இல் ஐந்து இளம் பெண்களைப் பற்றி எழுதினார்கள். உணவை மறுத்தார்கள், வாந்தி எடுத்தார்கள், மெலிந்தார்கள். ஆனால் பருமனைப் பற்றிய அந்த அச்சம் அவர்களிடம் காணப்படவில்லை. நோய் அதேதான், நம் வீட்டுக்கு வரும்போது நம் வீட்டு உடையை உடுத்திக்கொண்டு வருகிறது. இது ஏதோ வெள்ளைக்காரிகளின் நோய் என்று இருந்துவிடவும் முடியாது. நம் சென்னையிலேயே மருத்துவம் படிக்கும் மாணவர்களிடம் உணவு பற்றிய மனத்துயரை ஆராய்ந்து 1998-இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்.

லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர் 1870-களில் இதற்கு 'அனோரெக்ஸியா நெர்வோஸா' என்று பெயரிட்டார். நரம்பைச் சார்ந்த பசியின்மை என்று பொருள். பெயர் அவ்வளவு பொருத்தமில்லை. பசி இருக்கிறது, அதை அடக்குவதிலேயே நோயாளியின் பகலும் இரவும் கழிகின்றன. அளவின்றித் தின்றுவிட்டு வலிய வாந்தி எடுக்கும் இன்னொரு வகையைப் 'புலிமியா நெர்வோஸா' என்று தனியே பிரித்துக் காட்டியவர் ஜெரால்ட் ரஸ்ஸல், அது 1979-இல். உணவு குறையக் குறைய இதயத் துடிப்பு தாழ்கிறது, எலும்பு வலுவிழக்கிறது. வாந்தி எடுப்பவர்களின் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கித் திடீரென்று இதயம் நின்றுபோவதும் உண்டு. மனநோய்களிலே மிகுதியாக உயிரைக் கொள்ளை கொள்பவற்றில் அனோரெக்ஸியாவும் ஒன்று.

இங்கே ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்விதான். "சோறு முன்னால் இருக்கிறது. கை இருக்கிறது, வாய் இருக்கிறது. உண்ணமாட்டேன் என்பது பிடிவாதமே தவிர நோய் எப்படி ஆகும்? அவளாக வருவித்துக்கொண்டதற்கு மற்றவர்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?"

உண்ணாமையை உயர்வாகப் போற்றிய நாடு இது. ஆகையால் இந்தக் கேள்விக்கு விடை காணவும் நமக்கே தகுதி அதிகம். அதே ரயில் பாதையில் திருநின்றவூருக்கு அப்பால் திருவாலங்காடு இருக்கிறது. கணவன் விட்டுப்போன பிறகு, அவனுக்காகச் சுமந்த தசை இனி வேண்டாம் என்று உதறிவிட்டு எலும்புருவாய் வந்த காரைக்கால் அம்மையார் இறைவன் திருவடிக்கீழ் இருக்கும் தலம். காந்தியடிகள் 1947-இல் கல்கத்தாவிலும் 1948-இல் தில்லியிலும் உண்ணாமல் கிடந்தார். இவர்களையும் அந்தக் கல்லூரிப் பெண்ணையும் ஒன்றாக வைக்கலாமா?

வைக்க முடியாது. எப்படி வேறுபடுத்துவது என்பதை நம் பாட்டிமார்களே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஏகாதசி விரதம் என்றால் மறுநாள் துவாதசியில் பாரணை உண்டு. அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வைத்து, பொழுதோடு உண்டு விரதத்தை முடிக்க வேண்டும். முடிக்கத் தெரியாதவன் விரதம் இருக்கத் தகுதியற்றவன். காந்தியடிகளும் கேட்டது கிடைத்தவுடன் பழரசம் பருகினார். விரதம் இருப்பவர் விரதத்துக்கு எஜமானர். அந்தப் பெண்ணுக்கோ அது எஜமானாகிவிட்டது. அவள் நிறுத்த விரும்புகிற அன்றும் நிறுத்த முடியவில்லை. பாரணை இல்லாத விரதத்துக்கு நோய் என்றுதான் பெயர்.

மனத்தின் உறுதியைப் பற்றி மிகவும் பேசுகிறவர்கள் ஒரு பரிசோதனையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45-இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்ஸெல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களை அரைப் பட்டினி போட்டுப் பார்த்தார். கொலை செய்ய மனச்சாட்சி இடம் தராது என்று போருக்குப் போக மறுத்தவர்கள் அவர்கள். பட்டினியால் வாடும் மக்களுக்கு உதவும் என்று தாமே முன்வந்தவர்கள். நல்ல உடம்பும் திடமான உள்ளமும் உடையவர்கள். 24 வாரம் உணவு குறைக்கப்பட்டது. என்ன ஆயிற்று? விழித்திருந்தால் உணவு நினைவு, உறங்கினால் உணவுக் கனவு. சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். ஒரு கவளத்தை நெடுநேரம் வைத்துத் தின்றார்கள். சிடுசிடுத்தார்கள், சோர்ந்தார்கள், தோழர்களை விட்டு விலகினார்கள். வயிறு சுருங்கியதும் மனமும் அதன் பின்னாலேயே போயிற்று. அந்த உறுதி படைத்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், பதினேழு வயதுப் பெண்ணிடம் "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்று சொல்வதில் என்ன பயன்? நோய் எதைப் பறித்துக்கொண்டதோ அதையே மருந்தாகச் சாப்பிடச் சொல்கிறோம்.

மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகைக்கு யானைத்தீ என்று ஒரு நோய். எவ்வளவு தின்றாலும் பசி அடங்காது. மணிமேகலை அவளுக்கு அடக்கத்தைப் பற்றி உபதேசம் செய்யவில்லை. அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோறு இட்டாள், நோய் தீர்ந்தது. நம் காலத்தில் அமுதசுரபி கிடையாது. மனநல மருத்துவர், உணவு ஆலோசகர், மாதக்கணக்காக நீளும் சிகிச்சை ஆகியவைதாம் உண்டு. அவற்றுக்குப் பணம் வேண்டும்.

நம் நாட்டில் மெடிக்ளெய்ம் என்ற மருத்துவ இன்ஷூரன்ஸ் 1986-இல் வந்தது. அதன் பிறகு நெடுங்காலம் மனநோயைப் பாலிசிகளில் விலக்கி வைப்பதே வழக்கமாக இருந்தது. 2017-இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2018 மே மாதம் அமலாயிற்று. அதன் 21-ஆம் பிரிவு, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் இன்ஷூரன்ஸ் உண்டோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தரவேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2018 ஆகஸ்டில் கம்பெனிகளுக்கு அவ்வாறே உத்தரவிட்டது. 2021-இல் தில்லி உயர் நீதிமன்றம், ஒரு பெண் தொடுத்த வழக்கில், உடல் நோய்க்கும் மனநோய்க்கும் வேற்றுமை பாராட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பல்லவன் பூசலார் முன்னால் வணங்கியதைப் போலச் சட்டமும் வணங்கிவிட்டது.

ஆனால் நடைமுறை? பெரும்பாலான பாலிசிகள், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால்தான் பணம் தரும். பொட்டாசியம் இறங்கி மயங்கி விழுந்த அந்தப் பெண்ணைச் சேர்த்தால் பில் செல்லும். இதயத்தைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதன் பிறகு வாரந்தோறும் மனநல மருத்துவரிடம் போய் உட்கார்ந்து பேசவேண்டுமே, அதுதானே உண்மையான வைத்தியம்? அதற்குப் படுக்கை தேவையில்லை. ஆகையால் பாலிசியும் பெரும்பாலும் தராது. அப்பா சேமிப்பை எடுக்கிறார். அம்மா வளையலை அடகு வைக்கிறாள். சில மாதத்தில் கை சளைத்து, "இப்போது தேவலையே" என்று நிறுத்திவிடுகிறார்கள். நோய் மனத்தில் இருக்கிற வரையில் அது அவரவர் விதி. மார்பை எட்டிய பிறகே அது நோய். எல்லாருக்கும் ஒரே விதி என்று சொல்லிக்கொண்டே, மனநோயாளி ஒருவரை மட்டும் சாவின் வாசல்வரை போய்வரச் சொல்லுகிற ஏற்பாடு இது.

செல்வ நாடுகளிலும் இந்தக் கொடுமை நடந்திருக்கிறது. மினசோட்டாவைச் சேர்ந்த ஆன்னா வெஸ்டின் என்ற 21 வயதுப் பெண் அனோரெக்ஸியாவோடு போராடி 2000-ஆம் ஆண்டில் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அவளுக்குத் தேவையான சிகிச்சைக்குப் பணம் தர இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுத்திருந்தது. பெற்றோர் அழுதுவிட்டு ஓயவில்லை. ஊர் ஊராகப் பேசினார்கள். சட்டசபைப் படிகளில் ஏறினார்கள். அவள் பெயர் தாங்கிய மசோதாவின் விதிகள் 2016 டிசம்பரில் அமெரிக்கச் சட்டமாயின. பதினாறு ஆண்டு!

இன்ஷூரன்ஸ் என்பதுதான் என்ன? எனக்கு வராத துன்பத்துக்கு நான் பணம் கட்டுகிறேன். உனக்கு வராத துன்பத்துக்கு நீ கட்டுகிறாய். யாருக்கு வருகிறதோ அவர் எடுத்துக்கொள்கிறார். ஊர்கூடித் தேர் இழுப்பதைப் போன்றதுதான். வடத்தைப் பிடிக்கும்போது, தேர் யார் வீட்டு வாசலில் நிற்கப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. புகை பிடித்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவருக்கும், வேகமாக வண்டி ஓட்டிக் காலை முறித்துக்கொண்டவருக்கும் "நீயாக வருவித்துக்கொண்டாய்" என்று சொல்லாமல்தானே கொடுக்கிறோம்? குற்றம் பார்த்தால் எந்த நோயாளி தேறுவான்? எலும்பு முறிந்தவனிடம் காட்டுகிற அந்தப் பெருந்தன்மையை மனம் முறிந்தவளிடமும் காட்டு என்பதுதான் கோரிக்கை. இதில் சலுகை எதுவும் இல்லை.

கம்பெனிகளை மட்டும் குறை கூறிப் பயனில்லை. கேட்கிறவர்கள் இல்லாத இடத்தில் கொடுக்கிறவர்கள் எப்படி இருப்பார்கள்? பெண்ணின் கலியாணத்துக்கு இடைஞ்சல் வரும் என்று அஞ்சி, நோயின் பெயரையே மறைக்கிறோம். டாக்டரிடம் "அல்சர் என்று எழுதுங்கள்" என்று கெஞ்சுகிறோம். பெயரில்லாத நோய்க்கு எந்தச் சட்டம் பணம் வாங்கித் தரும்? பாலிசி எடுக்கும்போது, மனநோய்க்கு எவ்வளவு, படுக்காமல் பெறும் சிகிச்சைக்கு எவ்வளவு என்று வாய்விட்டுக் கேட்கவேண்டும். மறுத்தால் எழுத்தில் வாங்கவேண்டும். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகவேண்டும். அதற்கு முன்னால், வீட்டிலே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. "சாப்பிட்டாயா?" என்று கேட்பது தமிழர் வழக்கம். அன்பு ததும்பும் கேள்விதான். நோயுற்ற அந்தப் பெண்ணுக்கு மட்டும் அது போலீஸ் விசாரணையாகக் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்து, "உன் மனத்துக்கு என்னம்மா?" என்று ஒருமுறை கேளுங்கள். பதில் உடனே வராது. வருகிற வரையில் உட்கார்ந்திருங்கள்.