ஒரே வீட்டுக்கு எவ்வளவு கொடுப்பது?

"ஒரே வீட்டுக்கு எத்தனை உதவிதான் கொடுப்பாங்க?" தொண்டு செய்யப் போகிற இடங்களில் இந்தக் கேள்வி நம் காதில் விழும். கேட்பவரைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்கிவிட முடியாது. விடியற்காலையில் எழுந்து தேக்கா சந்தையைக் கழுவுகிற அண்ணனைவிட, வேலைக்குப் போகாத ஒரு வீட்டுக்கு அதிகப் பணம் கிடைத்தால் அது தர்மமா?

பிரிட்டன் 2013இல் இதற்கு ஒரு பதில் சொன்னது. வேலை செய்யாத குடும்பம் பெறும் உதவித்தொகைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 26,000 பவுண்டைத் தாண்டக்கூடாது. 2016இல் அதையும் குறைத்தார்கள்: லண்டனில் 23,000, மற்ற இடங்களில் 20,000. சில உடற்குறை உதவிகள் பெறும் வீடுகளுக்கு விலக்கு உண்டு. மற்றபடி பிள்ளை ஒன்றானாலும் ஐந்தானாலும் வரம்பு ஒன்றுதான்.

நம் ஊர்க் கணக்கு வேறு. முதுமையாலோ நோயாலோ வேலை செய்யவே முடியாமல், குடும்ப ஆதரவும் இல்லாதவர்களுக்குக் கொம்கேர் நீண்டகால உதவி இருக்கிறது. 2022இல் அதை உயர்த்தியபோது தனி ஆளுக்கு மாதம் 640 வெள்ளி, இருவர் வாழும் வீட்டுக்கு 1,080 வெள்ளி. ரெண்டு பேருக்கு 1,280 வரணுமே, மீதி 200 எங்கே? வாடகை ஒன்று, விளக்கு ஒன்று, அடுப்பு ஒன்று என்பதால் குறைக்கிறார்கள். அது நியாயம்தான். அடுப்பு ஒன்றானாலும் வயிறு ரெண்டு என்பதையும் மறக்கவில்லை. ஆள் கூடினால் தொகையும் கூடுகிறது.

இடம், காலம், பாத்திரம் பார்த்து, பதிலுக்கு எதையும் எதிர்பாராமல் கொடுப்பதே சாத்விக தானம் என்கிறது கீதையின் 17ஆம் அத்தியாயம். இகழ்ந்து கொடுப்பது தாமசம். பாத்திரம் பார்ப்பது என்றால் வாங்குகிறவர் யோக்கியரா என்று சோதிப்பது மட்டும்தானா? அவருக்கு எவ்வளவு தேவை என்று பார்ப்பதும்தானே! தலைகளை எண்ணாத வரம்பு பாத்திரத்தைப் பார்க்கவே இல்லை.

சரி, அந்தத் துப்புரவு அண்ணனுக்கு என்ன பதில்? அவருக்கு நியாயம் செய்ய இன்னொரு வீட்டுப் பிள்ளையின் தட்டில் கை வைக்க வேண்டாம். குறைந்த சம்பளக்காரர்களுக்குச் சம்பளத்துக்கு மேல் சேர்த்துத் தர, 2007 முதல் இங்கே வேலைநலன் துணை வருமானத் திட்டம் இருக்கிறது. உழைப்பவரை உயர்த்துவதுதான் சரியான வழி.

சிராங்கூன் ரோட்டுக் கோயில் அன்னதானப் பந்தியில், "உங்க வீட்டுல நாலு பேர் சாப்பிட்டாச்சு, அஞ்சாவது பிள்ளை எழுந்திரு" என்று யாரும் சொல்வதில்லை. அரசாங்கம் பந்திபோல் நடக்க முடியாது; வரிப்பணத்துக்குக் கணக்கு வேண்டும், வரம்பும் வேண்டும். அந்த வரம்பு வீட்டில் எத்தனை பேர், என்ன நோய், யார் சம்பாதிக்க முடியும் என்று கேட்டபிறகு வரட்டும். இளையர்களே, தொண்டுக்குப் போகும்போது நாமும் அதையே முதலில் கேட்போம்.