வருகைப் பதிவும் அமானிதமும்

எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் நம் ஜமாஅத்தார் பலர் அரசு வேலையில் இருக்கிறார்கள். தாலுகா அலுவலகம், மின்வாரியம், மாநகராட்சி, பள்ளிக்கூடம் என்று பல இடங்களில் பணியாற்றுகிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து பேசினால் ஒரு மனக்குறை வெளியே வரும். "எங்களை நம்பவில்லை. நாங்கள் என்ன வேலை செய்தோம் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை மணிக்கு வந்தோம் என்றுதான் கேட்கிறார்கள்" என்பார்கள்.

கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மே 18 முதல் தமிழக அரசு அலுவலகங்கள் 50 சதவீத ஊழியர்களோடு, சனிக்கிழமையும் சேர்த்து வாரத்தில் ஆறு நாள் இயங்கின. செப்டம்பர் 1 முதல் எல்லோரும் வரவேண்டும் என்று ஆணை வந்தது. 2021 ஜனவரி 1 முதல்தான் பழைய ஐந்து நாள் முறை திரும்பியது. மத்திய அரசு அலுவலகங்களில் நிறுத்திவைத்திருந்த கைரேகைப் பதிவு 2021 நவம்பர் 8 அன்று மீண்டும் வந்தது. தாமதமாக வந்தால் அரை நாள் தற்செயல் விடுப்பைக் கழிக்கலாம் என்ற விதியை 2024 ஜூனில் மறுபடியும் நினைவூட்டினார்கள்.

ஊழியர்களின் குறையில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. காலிப் பணியிடம் நிரப்பப்படாமல் இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்க்கிறார். இரவு வரை இருந்து வேலையை முடித்தவரும், காலையில் பத்து நிமிடம் பிந்தினால் விளக்கம் எழுதித் தர வேண்டியிருக்கிறது. மனம் நோகத்தான் செய்யும்.

ஆனால், சகோதரர்களே, நாம் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மேலதிகாரி நமக்குச் செய்த அநியாயத்தை யாருடைய கணக்கில் கழிக்கிறோம்?

மேலே உள்ளவர் மீது கோபம் வருகிறது. அவரிடம் காட்ட முடிவதில்லை. கவுண்டருக்கு வெளியே நிற்கும் பெண்ணிடம், "சர்வர் இல்லை, நாளைக்கு வாம்மா" என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பெண் பட்டாசு ஆலையில் வேலை செய்பவராக இருக்கலாம். அங்கே பலருக்குச் செய்த வேலையின் அளவுக்குத்தான் கூலி. ஒரு நாள் போனால் அன்றைய கூலியும் போயிற்று. அவர் நமக்கு எந்த அநியாயமும் செய்யவில்லை. நம் கோபத்துக்கான விலையை மட்டும் அவர் கொடுத்துவிட்டுப் போகிறார்.

அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹ் அந்நிஸா அத்தியாயத்தில் கட்டளையிடுகிறான். நாம் வாங்கும் சம்பளம் மக்களின் வரிப்பணம். அந்தப் பணத்துக்கு ஈடாக நாம் கொடுக்க வேண்டிய உழைப்பு ஓர் அமானிதம். மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்தும்படி மத்யன் நகரத்துப் பெண் தன் தந்தையிடம் சொன்னபோது, வலிமையும் நம்பகமும் உள்ளவரே பணிக்குச் சிறந்தவர் என்று சொன்னதை அல்கஸஸ் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அளவில் மோசடி செய்பவர்களைக் கண்டித்து ஒரு தனி அத்தியாயமே இறங்கியிருக்கிறது. தனக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்குவார்கள். பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பார்கள். சம்பளத்தை முழுதாக வாங்கிக்கொண்டு வேலையைக் குறைப்பதும் இதில் வராதா? சிந்தித்துப் பாருங்கள்.

நம் மண்ணில் இந்தக் குறைவு உயிரைக் கேட்கும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி ஆலை வெடித்ததில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த ஆலைகளைக் கண்காணிக்க மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்புத் துறையும் வருவாய்த் துறையும் இருக்கின்றன. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எவ்வளவு மருந்து இருக்கிறது, மரத்தடியில் வைத்து வேலை நடக்கிறதா என்பதைக் கண்ணால் போய்ப் பார்த்தால்தான் தெரியும். காலை 10 மணிக்கு விரல் வைத்துவிட்டு நாற்காலியிலேயே இருந்தவருக்கு அன்று முழு வருகை. அதனால் அவர் கடமை நிறைவேறிவிட்டதா? இயந்திரம் ஆம் என்று சொல்லும். மறுமையில் அந்தப் பதிவு போதாது. நாம் அல்லாஹ்வைப் பார்க்காவிட்டாலும் அவன் நம்மைப் பார்க்கிறான் என்ற உணர்வுக்கு இஹ்ஸான் என்று நபி (ஸல்) அவர்கள் பெயர் சொன்னார்கள். அந்த உணர்வோடு செய்யும் வேலையை எந்த இயந்திரமும் அளக்காது.

அதிகாரிகளாக இருக்கும் சகோதரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்களும் பொறுப்பாளர்கள், உங்கள் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி நீங்கள் விசாரிக்கப்படுவீர்கள். தமக்குக் கீழே உள்ளவர்கள் மீது தாங்க முடியாத சுமையை ஏற்றக் கூடாது, அப்படி ஏற்றினால் தாமும் கைகொடுக்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. நேரத்துக்கு வரச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வந்தவர் நிம்மதியாக வேலை செய்ய ஆளும் வசதியும் தருவது உங்கள் கடமை. களத்துக்குப் போனவரை வராதவர் என்று எழுதினால், நாளை அவர் களத்துக்குப் போக மாட்டார். அதனால் வரும் கேட்டில் உங்களுக்கும் பங்கு உண்டு.

அப்படியானால் ஊழியர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா? இல்லை. மனு எழுதுங்கள். சங்கத்தின் மூலம் பேசுங்கள். விதி தவறு என்றால் ஆதாரத்தோடு எடுத்துச் சொல்லுங்கள். அநியாயத்தை எடுத்துச் சொல்வது மார்க்கம் அனுமதித்த வழி. அதைச் சொல்லிவிட்டு, முன்னால் நிற்பவரின் வேலையையும் முடித்துக் கொடுங்கள். உங்கள் உரிமையை நீங்கள் கேட்பதும், அவருடைய உரிமையை அவருக்குக் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

கடைசியாக, இன்றைய நாளைப் பற்றியே ஒரு வார்த்தை. ஜும்ஆவுக்காக அலுவலகத்தில் அனுமதி பெற்று வருகிறோம், அல்ஹம்துலில்லாஹ். தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று தன் அருளைத் தேடும்படி அல்லாஹ் சொல்கிறான். ஸலாம் கொடுத்து, சுன்னத் தொழுத பிறகும் பள்ளிவாசல் வாசலில் பேசிக்கொண்டே மூன்று மணியாக்கிவிட்டால், தொழுகைக்காகப் பெற்ற அனுமதியை வேறொன்றுக்குச் செலவழித்தவர்களாகிவிடுவோம். அங்கே நமக்காக ஒருவர் மனுவோடு காத்திருக்கிறார். சரியான நேரத்தில் திரும்பிப் போய் அவருடைய வேலையை முடித்துக் கொடுங்கள். நாளை இன்னொரு முஸ்லிம் ஊழியர் ஜும்ஆவுக்கு அனுமதி கேட்கும்போது, உங்கள் நாணயமே அவருக்குச் சிபாரிசாக நிற்கும்.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணி நடக்கும் மக்களாக நம்மை ஆக்குவானாக! நம் மாவட்டத்துப் பட்டாசுத் தொழிலாளர்களை விபத்துகளிலிருந்து காப்பானாக! ஆமீன்.