மிகுபாரம்



கற்பகத் தருக்கள் பயன் தருதல் ஒழிந்து, போகபூமி கருமபூமியாக மாறிய காலத்தில், பசியால் வாடிய மக்கள் ஆதிபகவனை அடைந்து முறையிட்டனர் என்பது நாம் இளமை முதல் கேட்டு வளர்ந்த வரலாறு. அப்பெருமான் அவர்கட்கு அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிஜ்யம், சில்பம் என்னும் ஆறு தொழில்களைக் கற்பித்தருளினார். வாளேந்திக் காத்தல், எழுத்துப் பணி, உழவு, கல்வி, வாணிகம், கைவினை என இவற்றைத் தமிழில் கூறலாம். இல்லறத்தானுக்கு உழைப்பு கடமை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயினும், தொழிலைத் தந்த அறமே அதற்கு ஓர் அளவையும் தந்தது. அந்த அளவு இன்று நம் இல்லங்களில் மறக்கப்பட்டு வருகின்றது. அதனைக் குறித்தே இங்குச் சிந்திக்க விழைகின்றோம்.

இல்லறத்தார் ஏற்கும் ஐந்து அணுவிரதங்களுள் முதலாவது கொல்லாமை. அவ்விரதத்தைப் பழுதுபடுத்தும் அதிசாரங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் வகுக்கின்றது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவு கடந்து பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. இவற்றுள் நான்காவதற்கு அதிபாராரோபணம் என்று பெயர். ஓருயிரைக் கொல்லாவிடினும், அது தாங்கும் ஆற்றலுக்கு மேல் சுமையேற்றினாலே கொல்லாமைக்குக் குறை நேர்ந்துவிடும் என்பது இதன் கருத்து.

சமந்தபத்திர ஆசாரியரோ, இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் பொருள் வரைதல் என்னும் ஐந்தாம் அணுவிரதத்தை விளக்குமிடத்தும் இச்செயலை மீண்டும் எடுத்துக் கூறுகின்றார். ஊதிய ஆசையால் எருது முதலியவற்றை அவை செல்லக்கூடிய தொலைவுக்கு அப்பாலும் ஓட்டுதல் அதிவாகனம். மிகுந்த பாரத்தைச் சுமத்துதல் அதிபாரவாகனம். பேராசையும் மிகுதியாகச் சேர்த்துவைத்தலும் நிற்கும் அதே வரிசையில் இவ்விரண்டையும் அவர் வைத்தார். ஒரே குற்றம் இரண்டு விரதங்களில் வருவானேன்? சுமக்கும் உயிரை நோக்கினால் அது ஹிம்சை. சுமத்துபவரின் உள்ளத்தை நோக்கினால் அது ஆசை.

நம் முன்னோருள் பெரும்பாலோர் உழவர்கள். வண்டியில் நெல் மூட்டைகளை அடுக்கும்போது முன்பாரம் ஆனால் எருதின் கழுத்து அழுந்தும். பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலெழும்பிக் கழுத்துக் கயிறு இறுகும் என்பதை அவர்கள் நன்கறிவார்கள். மேடு வந்தால் வண்டியோட்டி இறங்கி நடப்பார். வாயில்லாச் சீவனிடம் காட்டிய அந்தக் கருணையை, வாயுள்ள மனிதரிடம் நாம் காட்டுகின்றோமா?

2023ஆம் ஆண்டு அக்டோபரில், இளைஞர்கள் வாரத்திற்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்போசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான திரு. நாராயண மூர்த்தி கூறினார். 2025 ஜனவரியில், லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத் தலைவர் திரு. சுப்ரமணியன் 90 மணி நேர உழைப்பைப் பற்றிப் பேசியது பெரும் விவாதத்திற்கு உள்ளாயிற்று. கணக்கிட்டுப் பாருங்கள். வாரத்தில் ஆறு நாள் எனக் கொண்டால் 70 மணி என்பது நாளொன்றுக்குப் பதினொன்றே முக்கால் மணி அளவாகும். ஞாயிறும் விடாது உழைத்தாலும் 90 மணி என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 மணியாகும். போக்குவரத்து நெரிசலில் கழியும் நேரம் இதில் சேரவில்லை.

நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்ற வரம்பை ஆலைத் தொழிலுக்கு வகுத்தது, 1919ஆம் ஆண்டு வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் வாரத்திற்கு 48 மணி என்றே விதித்தது. மனித உடலும் இவ்வரம்பை வேண்டுகின்றது. வாரத்திற்கு 55 மணியோ அதற்கு மேலோ உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி உழைப்போரினும் பக்கவாதம் வரும் அபாயம் 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் மிகுதி என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் அறிவித்தன. களைத்த மாணவனிடம் கற்பித்தது தங்காது என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற தொடக்கப் பாடங்களுள் ஒன்று. ஆதலால்தான் கணக்குப் பாடத்தை முற்பகலிலும், கைவேலையையும் பாட்டையும் பிற்பகலிலும் வைத்துக் கால அட்டவணை அமைப்போம். சிறுவர்க்குப் பொருந்தும் இவ்வுண்மை பெரியோர்க்குப் பொருந்தாதோ?

இனி நம் இல்லங்களை நோக்குவோம். கதிரவன் மறையுமுன் உண்பது நம் மரபு. அவ்வொழுக்கம் உயிர்களைக் காத்ததோடு, அந்தி வேளையில் குடும்பம் முழுவதையும் ஓரிடத்தில் அமரவும் வைத்தது. உணவுக்குப் பின் ஜினாலய தரிசனமும், பெரியோர் நூல் படிக்கப் பிள்ளைகள் கேட்பதும் எளிதாயின. இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் மகன் எப்போது உண்பான்? உறங்கிவிட்ட குழந்தையிடம் எப்போது பேசுவான்? தேவபூஜை, குரு உபாசனை, சுவாத்தியாயம், சம்யமம், தவம், தானம் என்னும் நித்திய கருமங்கள் ஆறனுள் அவனுக்கு எஞ்சியிருப்பது தானம் ஒன்றே. அதையும் பணமாக அனுப்பிவிடுகின்றான்.

“வேலை நிலைக்க வேண்டுமே, வீட்டுக் கடன் இருக்கின்றதே” என்று இளைஞர்கள் கூறுவர். அது மெய்யே. நுகத்தில் பூட்டப்பட்ட எருதைக் கடிந்து பயனில்லை. அதிசாரம் பாரம் ஏற்றுபவரையே சாரும். எனவே, ஏற்றுபவர் யார் என்று ஒவ்வொருவரும் தம்மையே வினவிக் கொள்வோம். கடையோ தொழிலகமோ நடத்தும் நம்மவர், பணியாளர்களை எத்தனை மணிக்கு வீட்டுக்கு அனுப்புகின்றனர்? அவர் உண்ணவும் நீர் அருந்தவும் நேரம் தருகின்றனரா? உறவினர் மகனின் சம்பளத்தை உணவு வேளையில் ஒப்பிட்டுப் பேசும் பெற்றோரும் மூட்டை ஏற்றுபவரே. மணம் பேசுமிடத்தில் ஊதியத்தை மட்டும் கேட்டு, வீடு திரும்பும் நேரத்தைக் கேளாதவரும் அவருள் அடங்குவர். அலுவலகத்தில் பகல் முழுதும் உழைத்துத் திரும்பும் மருமகள் நேரே அடுக்களையுள் நுழைய, மற்றையோர் அமர்ந்திருப்பதும் அதிபாராரோபணமே. அவள் உழைக்கும் மணிகளை எந்தச் சட்டமும் எண்ணுவதில்லை; வீட்டிலுள்ள நாமாவது எண்ண வேண்டாவா?

இதற்கு ஒரு வழியையும் நம் நூல்களே காட்டுகின்றன. தேசாவகாசிகம் என்னும் விரதத்தில், குறித்த காலம் வரை இவ்வெல்லைக்கு அப்பால் செல்லேன் என இல்லறத்தான் உறுதி கொள்கின்றான். எல்லைக்குள் இருந்துகொண்டே வெளியிலுள்ளவர்க்கு ஒலியால் உணர்த்துவதும், உருவத்தைக் காட்டுவதும், ஆளை ஏவுவதும் அதற்கு அதிசாரங்கள். கைப்பேசி தோன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்பே கூறப்பட்ட இவ்விலக்கணம் நமக்கு எவ்வளவு பொருந்துகின்றது! வீட்டில் அமர்ந்தபடியே குரலையும் முகத்தையும் அலுவலகத்திற்கு அனுப்பிக்கொண்டிருப்பவர் வீட்டில் இருப்பவர் ஆகார்.

நாள்தோறும் இயலாதார், அட்டமியிலும் சதுர்த்தசியிலுமாவது, மாலையில் ஒரு மணி நேரம் இவ்விரதம் ஏற்கலாம். கைப்பேசியை மற்றோர் அறையில் வைத்துவிட்டு, குடும்பத்தார் அனைவரும் ஒருங்கமர்ந்து சாமாயிகம் செய்து, பின் மனம் விட்டுப் பேசலாம். பொருள் வரைதல் விரதம் ஏற்போர், இவ்வளவு பொருள் போதும் என்று வரையும்போதே, அதற்காக இவ்வளவு நேரம் போதும் என்றும் வரையலாம். பணியாளர் வைத்திருப்போர், வரும் தசலட்சண பருவத்தின் பத்து நாட்களிலும் அவர்களை இருட்டுமுன் வீட்டிற்கு அனுப்பிப் பார்க்கலாம். அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் வழிபார்த்திருப்பார்கள்.

வளர்க ஜினதருமம்!