பாட்டிக்குப் படித்துக் காட்டாத வரிகள்

ஜொகூர் பாருவில் ஒரு தாமான் வீடு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி, பேரனின் கைப்பேசியில் டிக்டாக் நேரலை பார்க்க உட்காருவார். யாரோ ஒரு பெண் பழைய பாட்டுகளைப் பாடிக்கொண்டிருப்பாள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை போன பாட்டிக்குத் தமிழ் எழுத்து நன்றாகத் தெரியும். ஆனால் திரையின் கீழே ஓடும் கருத்துகள் தமிழாக இருந்தாலும் ஆங்கில எழுத்தில் வருகின்றன. அதனால் பேரன்தான் படித்துக் காட்டுவார். "குரல் அருமையா இருக்குக்கா." "பினாங்குலேர்ந்து வணக்கம்." அப்புறம் ஒரு நொடி தயங்கி, மூன்று வரிகளைத் தாண்டி அடுத்ததற்குப் போவார்.

"நடுவுல என்னமோ முழுங்கிட்டியே?"

"ஒண்ணுமில்ல பாட்டி."

"எனக்கு நீ முழுங்கிட்டுப் படிக்கிற. அந்தப் புள்ள எல்லாத்தையும் படிக்குதே."

பேரன் மென்பொருள் எழுதுகிறவர். விடியும் முன்பே ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பெருங்கூட்டத்தில் அவரும் ஒருவர். பாட்டி சாதாரணமாகச் சொன்ன அந்த வார்த்தை அவர் நெஞ்சில் தைத்துவிட்டது. காரணம், அந்த மாதிரி வரிகளை மேலே தூக்கிவிடும் நிரலை ஒரு காலத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

அது வேறொரு நிறுவனம், வேறொரு நேரலைச் செயலி. எந்தக் கருத்துக்குப் பதில்கள் குவிகின்றனவோ அதை மேலே காட்ட வேண்டும் என்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. சில பத்து வரிகளில் முடிந்துவிட்டது. பார்வையாளர்கள் முன்பைவிட அதிக நேரம் தங்கினார்கள், எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஒருநாள் இரவு தமிழ் நேரலை ஒன்றை அவரே உட்கார்ந்து பார்த்தார். "நல்லா பாடுறீங்க" என்பதற்கு யாரும் பதில் எழுதவில்லை. அதற்கு என்ன பதில் எழுதுவது? அந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றி ஒருவன் எழுதிய வரிக்கோ பதில்கள் கொட்டின. பாதிப்பேர் அவனோடு சேர்ந்து சிரித்தார்கள், பாதிப்பேர் அவனைத் திட்டினார்கள். நிரலுக்கு இரண்டும் ஒன்றுதான். திட்டியவர்களும் சேர்ந்தே அந்த வரியை உச்சியில் ஏற்றி வைத்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் கேட்டார்: "நம்மிடம் தமிழ் படிக்கத் தெரிந்து, இதைக் கண்காணிப்பவர் யார்?" அது வேறு பிரிவின் வேலை என்றார்கள். அந்தப் பிரிவில் கேட்டபோது மொழிபெயர்ப்புக் கருவி பார்த்துக்கொள்கிறது என்றார்கள். அவர் உடனே வேலையை விட்டுவிடவில்லை. வீட்டுக் கடன் இருந்தது. மேலும் பத்து மாதம் அங்கேயே இருந்தார். அதை அவர் மறைப்பதில்லை. அந்தப் பத்து மாதத்தைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் குரல் தாழ்கிறது.

2024 ஜூலையில் மலேசியத் தமிழர் வீடுகளையெல்லாம் உலுக்கிய செய்தி வந்தது. டிக்டாக்கில் ஏஷா என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி, இணையத்தில் தன்னை மிரட்டி இழிவுபடுத்துகிறார்கள் என்று போலீசில் புகார் கொடுத்தார். மறுநாள் அவர் உயிரோடு இல்லை. அவரை வார்த்தைகளால் துன்புறுத்திய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 ரிங்கிட். 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டம் அதற்குமேல் இடம் தரவில்லை. வேறொரு வழக்கில் லாரி ஓட்டுநர் ஒருவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனாலும் மக்கள் மனத்தில் நின்றது அந்த நூறு வெள்ளிதான். ஒரு குடும்பத்துக்கு ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் காசு!

அந்தக் கோபம் வீண்போகவில்லை. 2024 டிசம்பரில் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. 2025 ஜூலை 11 முதல் இணையப் பகடிவதை தனிக்குற்றம் ஆனது. மலேசியாவில் 80 லட்சம் பயனருக்கு மேல் உள்ள சமூக ஊடகங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற விதி அதே ஆண்டு ஜனவரியிலேயே வந்துவிட்டது.

இவற்றை வரவேற்கும் நம் மென்பொருளாளருக்கு இரண்டு கவலைகள் உண்டு. பேச்சைத் தண்டிக்கும் சட்டம் அகலமாக இருந்தால் அது எங்கும் பாயும் என்பது ஒன்று. 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவின் கீழ் கேலிப் பட ஓவியர் ஃபாமி ரேசா மீதும் 2022-இல் வழக்கு வந்தது. ஒரு பெண்ணை வதைப்பவனையும் அமைச்சரைக் கேலி செய்பவரையும் ஒரே வலையில் பிடிப்பது நியாயம் இல்லை. இன்னொரு கவலை அவர் தொழிலைப் பற்றியது. நீதிமன்றத்தில் நின்றவர்கள் தட்டச்சு செய்தவர்கள். அந்த வரியை ஆயிரம் பேர் கண்முன் ஏற்றி வைக்கும் வரிசைமுறை எந்தக் கூண்டிலும் ஏறுவதில்லை. இந்த இரண்டாவது கவலைதான் கனமானது. நாட்டில் அதைப் பற்றிய பேச்சுதான் குறைவு.

மொழி தெரியாத கண்காணிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2018-இன் இலங்கை ஒரு பாடம். அம்பாறையில் ஓர் உணவகத்தில் கறியில் மாவுக்கட்டி இருந்தது. மலடாக்கும் மாத்திரை போட்டாயா என்று ஒரு கூட்டம் சிங்களத்தில் மிரட்டியது. சிங்களம் சரியாகத் தெரியாத, தமிழ் பேசும் முஸ்லிம் கடைக்காரர் கேள்வி புரியாமல் ஆமாம் என்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டார். அப்படி ஒரு மாத்திரையே உலகில் கிடையாது. ஆனால் மொழி தெரிந்த கண்காணிப்பு போதாத முகநூலில் அந்தக் காணொளி பரவியது. அடுத்த சில நாட்களில் கண்டிப் பக்கம் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அந்தக் கலவரத்தில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

மொழி தெரிந்தவர்களை வைக்கப் பணம் இல்லாமல் இல்லை. பாட்டி பால்மரம் வெட்டியது குலாய் பக்கம். அந்த வட்டாரத்தில் இப்போது தரவு மையங்கள் எழுகின்றன. 2019-இல் சிங்கப்பூர் புதிய மையங்களை நிறுத்தி வைத்த பிறகு, நிலமும் மின்சாரமும் தண்ணீரும் தேடி நிறுவனங்கள் பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்தன. 664 ஹெக்டேர் செம்பனைத் தோட்டமான குலாய் யங் எஸ்டேட்டை ஒய்டிஎல் நிறுவனம் வாங்கித் தரவு மையப் பூங்கா அமைத்தது. டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸ், ஜொகூரில் தன் மையங்களை விரிவாக்க 150 கோடி ரிங்கிட் ஒதுக்குவதாக 2024-இல் அறிவிப்பு வந்தது. கட்டடம் கட்ட இத்தனை கோடி இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்தவர்களை வேலைக்கு வைக்க எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதே பேரனின் கேள்வி.

இந்த இடத்தில் அவர் தோட்டத்துக் கதை ஒன்றைச் சொல்வார். வெள்ளைக்காரத் தொரைமார் மலாயாத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தால் தமிழ் படிக்க வேண்டும். தோட்டக்காரர் சங்கம் அதற்குத் தேர்வே நடத்தியது. அன்பினால் இல்லை, வேலை வாங்குவதற்கு. அவர்கள்கூட, தாங்கள் ஆளும் மக்களின் பேச்சு தங்களுக்குப் புரிய வேண்டும் என்று நினைத்தார்கள்.

தமிழ் வசவைக் கருவிக்குக் கற்பிக்கும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. ஆங்கிலம் கலந்த தமிழில் யூடியூபில் எழுதப்பட்ட சுமார் 44,000 கருத்துகளை ஆய்வாளர்கள் திரட்டி, எது வசவு, எது இல்லை என்று குறித்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை சினிமா முன்னோட்டங்களுக்குக் கீழே வந்தவை. அங்கே ஜொகூர் தமிழ் கிடைக்காது. "போடோ மாதிரி பேசாத லா" என்று மலாய்ச் சொல்லைப் போட்டுத் திட்டுவதை அந்தக் கருவி எங்கே பார்த்திருக்கும்? எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஒரு விதம். ழகரத்துக்கு ஒருவர் இசட் போடுவார், இன்னொருவர் எல் போடுவார், மற்றவர் எல்லும் எச்சும் சேர்ப்பார்.

அதனால் அவரும் இரண்டு நண்பர்களும் ஞாயிறு மாலைகளில் உட்கார்ந்து மலேசியத் தமிழ்க் கருத்துகளைத் தரம் பிரிக்கிறார்கள். எழுதியவர்களின் பெயர்களை நீக்கிவிட்டு, ஒவ்வொரு வரியையும் மூவரும் தனித்தனியே குறிப்பார்கள். ஒரு வாரம் "சனியனே, இன்னும் சாப்பிடலையா" என்ற வரியில் சண்டையே வந்துவிட்டது. ஒருவர் வசவு என்றார், ஒருவர் பாசம் என்றார், மூன்றாமவர் கட்டத்தைக் காலியாக விட்டார்.

அடுத்த அறையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாட்டியிடம் பேரன் அதைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினார். இந்தத் தடவை எதையும் முழுங்கவில்லை.

"யாரு யாரப் பாத்துச் சொன்னது?" என்றார் பாட்டி.

அது அவர்கள் அட்டவணையில் இல்லை. திரும்பி வந்து புதிதாக இரண்டு பத்தி சேர்த்தார்: சொன்னவர் யார், கேட்டவர் யார். அதுவரை முடித்திருந்த அறுநூறு வரிகளை இப்போது முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.