விட்டுக்கொடுத்தவன்

2015-இல் சமையல் கேஸ் மானியத்தை விட்டுக்கொடுத்தேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பென்ஷன் வருகிறது, பிரதமரே கேட்கிறார். ஒரு குறுஞ்செய்தியில் வேலை முடிந்தது. விட்டவர்கள் பெயரை இணையத்தில் போட்டார்கள். வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு கோயில் டியூப்லைட்டில் ‘உபயம்’ எழுதுகிறவர்களை வகுப்பில் எத்தனையோ முறை கேலி செய்தவன்தான். பேரனைக் கூப்பிட்டு என் பெயரைத் தேடச் சொன்னவனும் நானே.

அடுத்த ஆண்டு மே மாதம் உத்தரப் பிரதேசம் பல்லியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கியது. ஏழைப் பெண்கள் பெயரில் கேஸ் இணைப்பு. ஒரு கோடிப் பேருக்கு மேல் விட்டுக்கொடுத்தது அங்கே அடுப்பாகிறது என்றார்கள். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்கும் பிறகு இணைப்பு வந்தது. நான் மானியத்தை விட்ட கதையை அவரிடம் சொன்னேன்.

“அடுப்பு வந்துச்சு சார். தீர்ந்தா சிலிண்டர் வாங்க யாரு காசு தர்றது?”

அவர் வீட்டில் சோறு வேகிறது சீமைக்கருவேல விறகில். கேஸ் விடியற்காலை டீக்கு மட்டும். 2020-இல் பெரும்பாலோருக்கு மானியம் சத்தமில்லாமல் நின்றபோது விட்டவனும் விடாதவனும் ஒன்றானோம். 2022-இல் உஜ்வலா வீடுகளுக்கு மட்டும் சிலிண்டருக்கு 200 ரூபாய், மறு ஆண்டு 300. இந்தப் புத்தி அரசுக்கு முதலிலேயே வந்திருக்கலாம்.

குறளில் ஈகை, ஒப்புரவறிதல், துறவு மூன்றும் தனித்தனி அதிகாரம். நான் செய்தது எதில் சேரும்? ஈகை என்றால் என் பொருளாக இருக்க வேண்டும். மானியம் ஊர்ப்பணம், விறகு மூட்டுகிறவர் தீப்பெட்டிக்குக் கட்டிய வரியும் அதில் உண்டு. துறவு என்றால் ஏதாவது குறைந்திருக்க வேண்டும். என் வீட்டில் வெந்நீரும் குறையவில்லை, மூன்றாவது காபியும் குறையவில்லை. 14.2 கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய 42 கிலோ கரியமில வாயு. மானியத்தை விட்டதற்காக அது ஒரு கிலோ இறங்காது. விலை கையைச் சுட்டபிறகுதான் வெந்நீர் மொட்டைமாடி வெயிலுக்குப் போனது. ஆக, ஒப்புரவில் ஓர் ஓரம் தேறும். இத்தனை நாள் எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்தேன், அவ்வளவுதான்.

நேற்று கொல்லையில் விழுந்த தென்னை மட்டையை அந்த அம்மா கேட்டார். “எடுத்துக்கம்மா” என்றேன். சொன்னவுடன் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. மரம் அப்பா வைத்தது.