அறிந்து செய்யும் பிழை

பிழை இருவகைப்படும் என்பர் பெரியோர். புத்திபூர்வமாக, அதாவது அறிந்தே செய்வது ஒன்று. அபுத்திபூர்வமாக, அறியாமல் செய்வது மற்றொன்று. விளைவு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கக்கூடும். நெருப்பு, அறிந்து தொட்டவனையும் அறியாமல் தொட்டவனையும் சுடத்தான் செய்யும். ஆயினும் செய்தவனைச் சாரும் பொறுப்பு ஒன்றாகாது. நவீன விஞ்ஞானம் தந்த வசதிகளை எடைபோடும்போது இப்பாகுபாட்டை மனத்திற் கொள்ளுதல் நலம்.

அமெரிக்க நாட்டில் தாமஸ் மிட்ஜ்லி என்றொரு பொறியியலார் இருந்தார். மோட்டார் எஞ்சினில் பெட்ரோல் சீராக எரியாமல் எழும் தட்டொலியைப் போக்க, ஈயம் சேர்ந்த ஒரு திரவத்தைக் கலந்தால் போதும் என 1921இல் கண்டார். ஈயம் நஞ்சென்பது மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்ததே. 1924இல் நியூஜெர்சி மாநிலத்தில் அத்திரவம் செய்த ஆலையொன்றில் தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். மிட்ஜ்லியும் அதற்கு முன்பே ஈய நஞ்சால் நோயுற்றவர். எனினும் அவ்வாண்டே பத்திரிகையாளர் முன் அத்திரவத்தைக் கையில் ஊற்றி, முகர்ந்தும் காட்டி, தீங்கில்லை என்றார். எரிசாராயம் கலந்தும் தட்டொலியை அடக்கலாம் என்பது அன்றே தெரிந்திருந்தது. ஈயப்புகை குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைக் குன்றச் செய்வது பின்னர் உறுதிப்பட்டது. நம் நாடு 2000ஆம் ஆண்டில் அதைக் கைவிட்டது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021இல் கைவிட்டது.

நிற்க. 1928இல் அதே மிட்ஜ்லி, குளிர்சாதனப் பெட்டிக்கென்று குளோரோபுளோரோகார்பன் என்னும் வாயுவைத் தம் குழுவினருடன் ஆக்கினார். அதற்குமுன் பயன்பட்ட வாயுக்கள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. இதுவோ நஞ்சற்றது, தீப்பற்றாதது. எல்லோரும் மகிழ்ந்து ஏற்றனர். அவர் 1944இல் மறைந்தார். அந்த வாயு வானில் உயர்ந்து சென்று, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று மோலினா, ரோலண்ட் என்னும் விஞ்ஞானிகள் எச்சரித்தது 1974இல்தான். 1985இல் அண்டார்டிகாவின் மேல் படலம் பெரிதும் மெலிந்தமை வெளியாயிற்று. 1987இல் நாடுகள் மான்ட்ரீல் நகரில் உடன்படிக்கை செய்தன. இன்று அப்படலம் மெல்ல மீண்டு வருகிறது.

இவ்விரண்டையும் அன்பர்கள் ஒப்புநோக்க வேண்டும். பின்னது அறியாமையால் நேர்ந்தது. அறிவு வந்தபின், தயங்கியேனும், உலகம் திருந்திற்று. முன்னதில் அறிவு தொடக்கத்திலேயே இருந்தது. லாபமும் வசதியும் அதன் வாயை அடைத்தன. எனவே யந்திரத்தைப் பழிப்பதிற் பயனில்லை. தீங்கென்று தெரிந்த நாள்முதல் நாம் என்ன செய்தோம் என்பதே கேள்வி.

இக்கேள்வி நம்மையும் விடாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பதினான்கு வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அவை பசுவின் வயிற்றில் தங்கும், வாய்க்காலை அடைக்கும், எரித்தால் நச்சுப்புகை கக்கும். இதை அறியாதார் இன்று அரியர். ஆதலின் திருக்குளக்கரையில் பையை எறிந்து செல்வோர், அறியாமற் செய்தோம் என்று பெருமாள் திருமுன் சொல்லிக்கொள்ள இடமில்லை. அடுத்த உத்ஸவத்திற்கு எழுந்தருளும் அன்பர்கள், புறப்படும்போதே ஒரு துணிப்பையும் தண்ணீருக்கு ஒரு செம்பும் உடன் கொணர்வார்களாக.